பார்வதி அடைத்த காயங்கள்

பார்வதிக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. வம்பு பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மடியில் ஒரு மூட்டை வைத்திருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் அவளால் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போக முடியாது, அவ்வளவுதான். கேட்டுத் தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கிற பேட்டையில், கோதண்டபாணி முதலாளியின் பட்டறையில் அவளுக்கு ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து ஈரமாக வருகிற பொம்மையில் இணைப்புக் கோடு துருத்திக்கொண்டு நிற்கும். காற்றுக் குமிழி உடைந்து குழி விழுந்திருக்கும். சில சமயம் மயிரிழையாக வெடிப்பு ஓடும். கோட்டைக் கத்தியால் சீவி, குழியைக் களிமண் கூழால் அடைத்து, ஈர ஸ்பாஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தாள் என்றால், இருந்த இடம் தெரியாது. அவள் கை வைத்த பொம்மையில் முதலாளி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு குறை அகப்படாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, என்ன குறைந்துவிட்டது?

அடுத்த மேசை தனிஸ்லாஸுக்கு. அச்சு எடுப்பதும் வார்ப்பதும் அவர் வேலை. மாதா கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர், பங்குக்காரர் என்பார்கள். பார்வதிக்கு அவர் அண்ணன், அவருக்கு இவள் தங்கச்சி. இவள் வீட்டுப் பொங்கலும் அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரமும் அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் பல வருஷமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

அந்த மனுஷனுக்குப் போன ஈஸ்டரில்தான் அது நேர்ந்தது. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசையில், பீடத்துக்குப் பக்கத்தில் உயிர்த்த ஆண்டவர் சிலையை, அவர்கள் பேச்சில் சுரூபத்தை, திரை போட்டு மறைத்து வைத்திருப்பார்கள். 'உன்னதங்களிலே' என்று பாட்டு எழும்பும்போது மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், விளக்கெல்லாம் எரியும், கயிற்றை இழுத்தால் திரை விலகி ஆண்டவர் நிற்பார். கயிறு இழுக்கிற பொறுப்பு தனிஸ்லாஸுடையது. போன வருஷம் கயிறு எங்கேயோ சிக்கிக்கொண்டது. மனுஷன் பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்துவிட்டார். திரைக்குப் பதில் கம்பி வந்தது, கம்பியோடு சுரூபமும் வந்தது. கோயில் நிறைந்த ஜனங்களுக்கு எதிரே ஆண்டவர் துண்டு துண்டாகக் கிடந்தார்.

யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வெளியே போனவர் அப்புறம் கோயிலுக்குள் கால் வைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்சாதி பிலோமியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். பூசை முடிகிறவரை கேட்டுக்கு வெளியே அந்த ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருப்பார். பங்குச் சாமியார் லெயோன் ஃபாதர் வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டும் பார்த்தார்.

"புதுசு செஞ்சி குடுத்துட்டுத்தான் உள்ள வருவேன் ஃபாதர். அடுத்த ஈஸ்டருக்கு அவரு நிப்பாரு. இல்லன்னா நான் இந்த கேட்டோட சரி" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடியே, நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிற புதன்கிழமை கழிந்து தவக்காலம் ஆரம்பித்ததும், சாக்கில் கட்டி வைத்திருந்த துண்டுகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். ஒட்டிய சுரூபத்தின்மேல் அச்சு எடுத்தார். இதற்கு நடுவில் பார்வதி சும்மா இருப்பாளா?

"ஏண்ணே, செருப்பு எங்க?"

"தவக்காலம். போடறதில்ல."

"கறியும் கெடையாதா? முட்டை?"

"ரெண்டும் கெடையாது."

"கோயில்ல சாமிக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிட்டாங்கன்னு பிலோமி அண்ணி சொல்லுது. சாமிய ஏன் மூடணும்?"

"அது துக்கம்..." என்று ஆரம்பித்தவர், "நீ வேலையப் பாரு தங்கச்சி" என்று முடித்துக்கொண்டார்.

அச்சிலிருந்து வந்த ஈரச் சுரூபம் ஏறக்குறைய இரண்டரை அடி உயரம். வலது கை மேலே தூக்கியிருந்தது, இடது கை விரித்திருந்தது. முகம் நல்ல முகம். ஆனால் உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட வரிகள் அப்படியே பதிந்திருந்தன. தனிஸ்லாஸ் அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோனார்.

"உடைஞ்ச தழும்பு ஒண்ணுகூடத் தெரியக் கூடாது. உன் கையிலதான் இருக்குது" என்றார்.

"எங்கிட்ட வுட்டுட்டுப் போங்கண்ணே. மாசு மரு இல்லாமப் பண்ணித் தரேன்."

அடுத்த நாளே வேப்பூரில் அவர் அக்கா வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்று போன் வந்தது. தனிஸ்லாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். காரியம் முடிகிறவரை அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது.

பார்வதி சுரூபத்தை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். கழுத்து வரியைச் சீவினாள். முழங்கை வரியை அடைத்தாள். உள்ளங்கை இரண்டிலும் ஒவ்வொரு குழி இருந்தது. பாதம் இரண்டிலும் இருந்தது. கீழே விழுந்தபோது சில்லு தெறித்திருக்கும், பாவம், அதுவும் சேர்ந்து அச்சில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். விலாவில் ஒரு வெடிப்பு நீளமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட வெடிப்புக்கு வெறும் கூழ் நிற்காது என்று கூழில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுக் குழைத்து ஊட்டினாள். ஒரு நாள் காயவிட்டு மறுபடியும் தேய்த்தாள். தன் கையால் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று அவளுக்கே தோன்றியது. சுரூபம் காய்ந்து, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பூசி, மற்றச் சரக்கோடு சூளைக்குப் போன பிறகுதான் தனிஸ்லாஸ் வேப்பூரிலிருந்து திரும்பினார்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துப் புதன்கிழமை காலையில் சூளையைத் திறந்தார்கள். வெளியே வந்த சுரூபத்தைப் பார்த்துப் பட்டறையே கூடிவிட்டது. பால் வெள்ளையில் ஒரு பொட்டுப் புள்ளி இல்லை. முதலாளி, "இத்த ஷோகேஸ்ல வெச்சா ஆர்டரு குவியும்யா" என்றார். பார்வதி தனிஸ்லாஸ் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தபடி கிட்டே வந்து, ஆண்டவரின் வலது உள்ளங்கையில் தன் ஆள்காட்டி விரலை வைத்தார். விரல் வழுக்கியது. இடது கையைத் தொட்டார். குனிந்து பாதத்தைத் தடவினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காயம் எங்க தங்கச்சி?"

"என்னா காயம்?"

"ஆணி அடிச்ச காயம். கையில ரெண்டு, கால்ல ரெண்டு. ஈட்டி குத்துனது ஒண்ணு, விலாவுல."

ஐந்தையும் எப்படி அடைத்தாள் என்பது பார்வதியின் கைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சிலுவையில் தொங்குகிற ஏசுவை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், ஆணியும் தெரியும். ஆனால் இவர் சிலுவையில் இல்லையே. சந்தோஷமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே. எழுந்து வந்துவிட்டவருக்குப் புண் இருக்கும் என்று யார் கண்டது?

"ஐயோ அண்ணே, நான் உடைஞ்ச குழின்னு நெனச்சி..."

"உன் மேல தப்பு இல்ல. தழும்பு தெரியக் கூடாதுன்னு நான்தான சொன்னேன்" என்றார் தனிஸ்லாஸ். ஒரு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

புதிதாக வார்க்க நேரம் இல்லை. வார்த்ததைக் காயவைத்துச் சுடுவதற்குள் ஈஸ்டர் போயே போய்விடும். சிவப்புப் பெயின்ட்டைத் தொட்டு வைத்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். தனிஸ்லாஸ் தலையை ஆட்டினார். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திரை விலகிய பிறகு ஜனங்கள் வரிசையில் வந்து, ஆண்டவரின் கைக்காயத்தில் விரலை வைத்து, அந்த விரலை முத்தமிடுவார்கள். பழைய சுரூபத்தில் விரல் பட்டுப் பட்டே குழி வழவழப்பாகியிருந்தது.

"எல்லார் வெரலும் அந்தக் குழியத் தேடும் தங்கச்சி. தேடிட்டு, இல்லன்னு எடுத்துக்கும். இவரத் தூக்கிட்டு நான் எப்படி உள்ள போவேன்?"

பார்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "அண்ணே, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. செத்தவரே எழுந்து வந்துட்டாரு. அவ்வளவு பெரிய சக்தி இருக்கறவருக்கு இந்தப் புண்ணு ஆறாதா?"

தனிஸ்லாஸ் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். "பொறந்ததுலேர்ந்து பாத்துட்டு இருக்கேன். ஒரு நாளும் இத்த யோசிக்கல" என்றார்.

அவர் யோசிக்காவிட்டால் போகட்டும். தனக்குத் தெரியாமல் அடைத்தது ஒரு தப்பு, அது என்னவென்றே தெரியாமல் இருப்பது இன்னொரு தப்பு என்று பார்வதிக்குப் பட்டது. வியாழக்கிழமை காலையில் மாதா கோயிலுக்கே போய்விட்டாள். உள்ளே சுவரோரம் நின்ற சுரூபங்கள் எல்லாம் தலை முதல் கால் வரை ஊதாத் துணி போர்த்தியிருந்தன. எது யார் என்று துணியின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தபோது லெயோன் ஃபாதர் வந்தார். சின்ன வயசுதான். நடந்ததைச் சொல்லி, தன் கேள்வியையும் போட்டு உடைத்தாள்.

ஃபாதர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "அவரு திரும்பி வந்தப்ப கூட இருந்தவங்களே நம்பலம்மா. தோமான்னு ஒருத்தரு. ஆணி அடிச்ச எடத்துல என் வெரல வுட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னுட்டாரு."

"கேக்கத் தெரிஞ்ச ஆளு" என்றாள் பார்வதி. அவளுக்குத் தோமாவை உடனே பிடித்துப்போயிற்று. "இவரு கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல. வா, வுட்டுப் பாருன்னு கையை நீட்டுனாரு."

"அது சரிங்க ஃபாதர். புண்ணு இருந்திச்சின்னு சொல்றீங்க. ஏன் ஆறலன்னு சொல்லலியே?"

ஃபாதர் சிரித்துவிட்டார். "அஞ்சாறு வருஷம் படிச்சேன். பரீட்சைக்கு எழுதற மாதிரி ஒரு பதில் தெரியும். நீங்க கேக்கற மாதிரி கேட்டா, எனக்கும் முழுசாத் தெரியாதும்மா" என்றார். தெரியாது என்று சொல்கிற படித்த மனுஷனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். மரியாதை கூடிவிட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானமும் வந்தாள். இந்த முறை யாரிடமும் எதுவும் கேட்காமல், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடைசியில் நின்றாள். துக்க நாள் என்று மணி அடிக்கவில்லை. மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பீடத்துக்கு முன்னால் சிலுவையைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். ஜனங்கள் முட்டி போட்டு நகர்ந்து வந்து முத்தம் வைத்தார்கள். முகத்தை யாரும் முத்தமிடவில்லை. பெரிய வேலையில் இருக்கிறவர் மாதிரி பேன்ட் சட்டை போட்ட ஒருவர், கைக்குழந்தைக்காரி, நடக்க முடியாமல் மகன் தோளைப் பிடித்து வந்த ஒருத்தி, எல்லாரும் குனிந்து காலில் ஆணி இறங்கிய இடத்தில்தான் வாயை வைத்தார்கள். சிலர் அங்கேயே ஏதோ ரகசியம் சொல்லிவிட்டு எழுந்தார்கள். பார்வதி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஜனங்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வதற்கு வைத்திருந்த வாசலை அல்லவா நாம் பூசி அடைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஸ்கூட்டர் மேல் தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார்.

நேராக அவரிடம் போனாள். "அண்ணே, டைல்ஸ் ஒட்டற இளவழகன் சுட்ட டைல்ல ஓட்டை போடறான் இல்ல, பாத்ரூம் பைப்புக்கு? உடையாமத்தான போடறான்?"

"வெறும் டைல்ல போடுவான். இது உள்ள காலி, வெறுங்கூடு. தெறிச்சா போச்சி."

"தெறிக்கலன்னா?"

இளவழகன் வெளியூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். டிரில்லிங் மிஷினையும் வைரத்தூள் பதித்த முனையையும் கொடுத்தான். "அழுத்தாதீங்க. தண்ணி வுட்டுக்கிட்டே, மெதுவா. உடைஞ்சா என்னைச் சொல்லாதீங்க" என்று கையைக் கழுவிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பட்டறை லீவு. விஷயம் கேள்விப்பட்டு லெயோன் ஃபாதரும் வந்திருந்தார். சுரூபத்தை மணல் மூட்டைமேல் படுக்கவைத்தார்கள். தனிஸ்லாஸ் மிஷினைக் கையில் எடுத்தார். பட்டனை அழுத்தினார், மிஷின் உறுமியது. முனையை ஆண்டவர் உள்ளங்கைக்குக் கிட்டே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். மிஷினை அணைத்துக் கீழே வைத்தார்.

"என்னால முடியாது. முன்னாடி ஒருத்தன் அடிச்சது போதாதா? ஏற்கெனவே ஒரு வாட்டி உடைச்சவன் நான். இப்ப ஆணியும் நானே எறக்கணுமா?"

பார்வதி ஃபாதரைப் பார்த்தாள். ஃபாதர் ஓரடி பின்னால் நகர்ந்தார். நேற்று முழுக்க அந்தக் காயத்தைப் பற்றிப் பாடிய தொண்டை அவருக்கு. பாவம், அவரை என்ன சொல்ல?

"நல்ல ஆம்பளைங்க" என்றாள் பார்வதி. முந்தானையை இழுத்துச் செருகினாள். "அடைச்சவ நானு. தொறக்கறதும் நானே தொறக்கறேன். நீங்க ஆடாம புடிச்சிக்குங்கண்ணே, அது போதும். ஃபாதர், நீங்க தண்ணி வுடுங்க."

தனிஸ்லாஸ் கீழே உட்கார்ந்து சுரூபத்தை மடியில் வாங்கி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பார்வதி முனையை வைத்தாள். வெறும் களிமண், நம் பட்டறைக் களிமண், நாமே தேய்த்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படியும் "பொறுத்துக்கோ சாமி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்தினாள். கிளேஸ் கிறீச்சிட்டது. வெள்ளையாகச் சேறு வழிந்தது. ஃபாதர் குவளையிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே முணுமுணுவென்று ஜெபம் சொன்னார். வலது கை ஆயிற்று. இடது கை ஆயிற்று. பாதத்தில் முனை இறங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வர, பார்வதி முனையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, தெறித்தது கிளேஸ் துணுக்குத்தான். விலாவை மட்டும் அவள் ஒரேயடியாகத் துளைக்காமல், முனையைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துத் திறந்தாள். முடிந்ததும் ஐந்தையும் உப்புத்தாளால் வருடி, ஈரத்துணியால் துடைத்தாள். விரல் அறுபடாமல் இருக்க வேண்டுமே. மிஷினைக் கீழே வைத்த பிறகுதான் தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்தார். சட்டையெல்லாம் வெள்ளைச் சேறு.

ராத்திரிப் பூசைக்குப் பார்வதியைப் பிலோமி கையைப் பிடித்து அழைத்துவந்தாள். வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பெரிய மெழுகுவத்தியைக் கொளுத்தி, அதிலிருந்து ஆளுக்கொன்றாகப் பற்றவைத்துக்கொண்டு இருட்டுக் கோயிலுக்குள் ஜனங்கள் போனார்கள். கடைசி ஆளாக, தலையைக் குனிந்தபடி, தனிஸ்லாஸும் வாசற்படி தாண்டினார். ஒரு வருஷம் கழித்து! பிலோமி இவள் கையை இறுக்கினாள். ஃபாதர் அவரை நேராகத் திரைப்பக்கம் கொண்டுபோய்க் கயிற்றைக் கையில் கொடுத்தார். பக்கத்துச் சுவரோரம் பார்வதியும் நின்றுகொண்டாள்.

வேத வாசகங்கள் முடிந்தன. 'உன்னதங்களிலே' என்று ஃபாதர் குரல் எடுத்தார். மணிகள் அதிர்ந்தன, விளக்குகள் பளீரென்று எரிந்தன. எல்லார் கண்ணும் திரைமேல் நின்றது. திரை அசையவில்லை. தனிஸ்லாஸ் கயிற்றைப் பிடித்தபடி விறைத்து நின்றார். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. முன்வரிசையில் தலைகள் திரும்பத் தொடங்கின.

பார்வதி எட்டி அவர் காதோரம் போனாள். "அண்ணே, காலையில நான் ஆணியே எறக்குனேன். உடையலியே. நீங்க துணிய இழுத்தா உடைஞ்சிடுவாரா? இழுங்க."

அவர் இழுத்தார். திரை வழுக்கிக்கொண்டு போயிற்று. வெள்ளை வெளேரென்று ஆண்டவர் நின்றார். கோயில் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. தனிஸ்லாஸ் கயிற்றை விடவே இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

பூசை முடிந்து வரிசை ஆரம்பித்தது. முதலில் வந்தவள் பார்வை மங்கிய ஒரு கிழவி. கையைத் துழாவி நீட்டினாள். பார்வதியும் தனிஸ்லாஸும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் மணிக்கட்டைத் தொட்டது, நகர்ந்தது, குழியில் இறங்கி நின்றது. கிழவி விரலை எடுத்து முத்தமிட்டுவிட்டு, ஒன்றுமே விசேஷமில்லாததுபோல் அடுத்த பக்கம் போனாள்.

"வா தங்கச்சி, நிப்போம்" என்றார் தனிஸ்லாஸ்.

"நானா? எனக்கு உண்டா அதெல்லாம்?"

"உனக்கு இல்லாம?"

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் விரல் வைத்தார், முத்தமிட்டார், நகர்ந்தார். பார்வதி விரலை நீட்டினாள். உள்ளே சொரசொரவென்று, கிளேஸ் ஏறாத வெறும் சுட்ட மண். எவ்வளவு ஆழம், எங்கே சாய்வு, எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் விரல் அப்படியே நின்றது. இத்தனை நாளாக யார் யாரிடமோ கேட்டு அலைந்தோமே, இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தோன்றியது. பின்னால் ஜனம் நெருக்கியது. பார்வதி கொஞ்சம் எக்கி, முகத்துக்குக் கிட்டே போய், மெல்லக் கேட்டாள்.

"ரொம்ப வலிச்சிதா சாமி?"